என் கணவரின் வாக்கு என் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது

அனுப்புநர்
நொரீன் ஃபிரகோசோ (வயது 52),
14, மார்ஷ் ட்ரோவ்,
ஹோம்ஃப்ளீட், லிங்கன்ஷயர்.

பெறுநர்
தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
மாவட்ட மன்ற அலுவலகம்,
ஹோம்ஃப்ளீட்.

பொருள்: மே 23 அன்று நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் என் கணவர் திரு. அடெலினோ மார்க்கெஸ் ஃபிரகோசோ வாக்களிக்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டது – அது பற்றிய என் முதல் புகாரில் இருந்த பொய்யைத் திரும்பப் பெறுவது – பொய் போக மீதியிருக்கும் உண்மைக்கு ஜூன் 15க்குள் பதில் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. மே 24 அன்று நான் எழுதிய புகார். 2. ஜூன் 3 அன்று தாங்கள் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. ஹோம்ஃப்ளீட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையில், லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடத்தில், பதினெட்டு வருடமாக உணவு வண்டி வைத்திருக்கிறேன். தேநீர், பேக்கன் பன், முட்டை பன். தங்கள் அலுவலகத்துச் சுகாதார ஆய்வாளர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த வண்டி அது. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இன்று வரை தெரியாது. பதினைந்து வயதில் இருவரும் பிரிந்துவிட்டோம். ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பத்திக்குப் பத்தி எண் போட வேண்டும் என்று நூலகத்தில் கொடுத்த தாளில் இருந்தது. போட்டிருக்கிறேன்.

2. என் கணவர் 1998ஆம் ஆண்டு போர்ச்சுகலிலிருந்து காலிஃப்ளவர் வெட்டும் வேலைக்கு வந்தவர். இன்று அதே கம்பெனியின் பொதி கட்டும் கூடத்தில் மேற்பார்வையாளர். முழங்கால் இரண்டும் இந்த மாவட்டத்து மண்ணில்தான் தேய்ந்தன. 2013இல் கடல் உள்ளே வந்தபோது நம் ஊர்ச் சமூகக் கூடத்தின் வாசலில் மணல் மூட்டை அடுக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கூடம்தான் எங்கள் வாக்குச்சாவடி. ஜூன் 15, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சந்தைத் திடலிலிருந்து விமான நிலையம் போகும் பேருந்தில் அவருக்கு இடம் பதிவாகியிருக்கிறது. அக்கா எர்மெலிண்டா வீட்டுக்கு ஒரு மாதம் போய் வருகிறேன் என்கிறார். ஆனால் பெட்டியில் குளிர்கோட்டை மடித்து வைத்திருக்கிறார். ஐயா, ஜூன் மாதத்தில் போர்ச்சுகலுக்குக் குளிர்கோட்டு எடுத்துப் போகிறவர் ஒரு மாதத்தில் திரும்புவாரா என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். நான் இந்த மனுவை எழுதுவதற்கு அந்தக் கோட்டுதான் காரணம்.

3. 2016 ஜூனில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்ற அந்த வாக்கெடுப்பில், போர்ச்சுகல் குடிமகன் என்பதால் அடெலினோவுக்கு ஓட்டு கிடையாது. முந்தைய நாள் என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். "நான் போட முடியாது. நீயும் போடாத நொரீன். நம்ம வீட்டுல ரெண்டு பேரும் சும்மா இருந்துடுவோம், சமமா இருக்கும்" என்றார். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குள்ளும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஒருவர் உடம்பு முடியாமல் படுத்தால் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் போடாமல் இருந்துவிடுவாராம். எனக்கு அப்போது அது தெரியாது. சரி என்று தலையாட்டினேன். மறுநாள் பால் வாங்கப் போன வழியில் கூடத்துக்குள் நுழைந்து, வெளியேற வேண்டும் என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, பாலை மறந்து வீட்டுக்கு வந்தேன். அடெலினோ என் வெறுங்கையைப் பார்த்தார். "பால் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

4. ஏன் அப்படிப் போட்டாய் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஊரை அதற்கு முன் யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். கேட்டதும் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். "ஏற்கெனவே இங்க இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பிரசாரத் தாள்லயே போட்டிருக்கான்யா. ரெண்டே வருஷம், எல்லாம் சரியாயிடும்" என்று அடெலினோவிடம் சொன்னேன். அந்த வாசகத்தை நான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன். அடுத்த வாரம் முடிந்துவிடும், அடுத்த மாதம் முடிந்துவிடும் என்று நாடாளுமன்றம் எனக்குச் சொன்னது. நான் அடெலினோவுக்குச் சொன்னேன். நம்பிச் சொன்னேன் ஐயா. அதுதான் இப்போது வலிக்கிறது.

5. வண்டிக்கு வரும் லாரிக்காரர்கள் தினமும் கேட்பார்கள். "என்னக்கா, போயிட்டோமா?" "இல்லப்பா, இன்னும் செருப்பு தேடிக்கிட்டிருக்காங்க." "இன்னைக்காச்சும்?" "ஒரு கால் கெடச்சிருக்காம், இன்னொன்னுக்கு விவாதம்." சிரிப்போம். வெளியேற வேண்டும் என்று போட்டவர்களும், இருக்க வேண்டும் என்று போட்டவர்களும் என் வண்டியில் ஒரே வரிசையில் நின்றுதான் பன் வாங்குகிறார்கள். கடைசியில் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே எரிச்சல்தான் மிஞ்சியது. அடெலினோவே ஒரு நாள் சொன்னார்: "போன்னா போறேன், இருன்னா இருக்கேன். கதவைப் பாதியில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, வீடு பூரா குளிருது." நான் அதற்கும் ஒரு கிண்டல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

6. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் பிப்ரவரியில் என் வண்டிக்கு வந்து, பன் கடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, "மார்ச் 29, ராத்திரி பதினோரு மணிக்கு வெளிய போயிடுவோம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்று வாக்குக் கொடுத்தார். மார்ச் 27 அன்று நாடாளுமன்றத்தில், இதை எப்படி முடிப்பது என்று எட்டு வழிகளை முன்வைத்து, எது வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டார்கள். எட்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. நம் உறுப்பினர் எட்டுக்கும் வேண்டாம் என்று போட்டதை உள்ளூர்ப் பத்திரிகை கட்டம் கட்டி வெளியிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை அவர் மறுபடி வண்டிக்கு வந்தார்.

"சார், எட்டுக் கேள்விக்கும் வேண்டாம் சொல்லிட்டு வந்திருக்கீங்க. பன்னுக்குச் சிவப்பு சாஸா, பழுப்பு சாஸா?" என்றேன்.

"உங்க இஷ்டம் நொரீன்" என்றார் அவர்.

"என் இஷ்டத்தைத்தான் மூணு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேனே சார்."

பின்னால் நின்ற டெர்மட், துறைமுகத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர், "அக்கா, ஓட்டுக்கு விடு. நாலு தரம் தோத்தாத்தான் அவருக்குப் பசிக்குதான்னே தெரியும்" என்றார். உறுப்பினரும் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிக்கத் தெரிந்தவர்.

7. அதற்கு இரண்டு நாள் முன்புதான் தங்கள் அலுவலகத்திலிருந்து என் கணவர் பெயருக்கு ஒரு படிவம் வந்திருந்தது. ஆம் ஐயா, வந்திருந்தது. என் முதல் புகாரில் வரவில்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். ஐரோப்பிய நாட்டவர்கள் மே 23 தேர்தலில் இங்கே வாக்களிக்க விரும்பினால், தம் சொந்த நாட்டில் அதே தேர்தலில் வாக்களிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய படிவம் அது. தபாலை எல்லாம் அள்ளி வண்டிக்குக் கொண்டு போய்ப் பிரிப்பது என் பழக்கம். உறுப்பினர் வண்டி முன் நின்றபோது அதை எடுத்துக் காட்டிக் கேட்டேன்: "சார், நாமதான் வெளிய போறோமே, இது எதுக்கு?"

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னது இது: "இதா? குப்பையில போடுங்க. அப்படி ஒரு தேர்தலே நடக்காது. அதுக்குள்ள முடிச்சிடுவோம். இது என் வார்த்தை."

டெர்மட்டும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வேண்டுமானால் எழுதித் தருவார்கள்.

8. அவர் சொன்னபடி நான் குப்பையில் போடவில்லை. அதைவிட மோசமாகச் செய்தேன். தடித்த கறுப்புப் பேனாவால் படிவத்தின் பின்பக்கம் இப்படி எழுதினேன்: 'இந்த வண்டி மார்ச் 29 அன்று புறப்படும். மன்னிக்கவும், ஏப்ரல் 12. மன்னிக்கவும், அக்டோபர் 31. பயணிகள் அதுவரை தேநீர் குடிக்கவும்.' நாடு வெளியேறும் தேதி தள்ளிப்போன வரிசை அது. அதை வண்டிக் கண்ணாடியில் நாலு மூலையும் ஒட்டினேன். அமோக வரவேற்பு. ஓட்டுநர்கள் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் எழுதிய பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அடெலினோ மார்க்கெஸ் ஃபிரகோசோ என்று அச்சிட்ட பக்கம் உள்ளே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து வாரம் அந்தப் பெயருக்கு எதிரே நின்று முட்டை பொரித்தேன். ஒரு நாள்கூட முழுதாகப் படிக்கவில்லை. அந்தப் படிவத்தை இந்த மனுவோடு இணைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறைக்கு மன்னிக்கவும்.

9. மே 2 அன்று உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு ஐரோப்பிய நாட்டவருக்கும் ஓட்டு உண்டு. அடெலினோ அதே கூடத்துக்குப் போய், நூலில் கட்டிய அதே பென்சிலைப் பிடித்து, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். ஆகவே பட்டியலில் தன் பெயர் இருக்கிறது, இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைத்தேன். மே 7 அன்று வண்டி வானொலியில் ஓர் அமைச்சர் பேசினார்: முடிக்க நேரமில்லை, ஆகவே ஐரோப்பியத் தேர்தல் கட்டாயம் நடக்கும் என்றார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டி ஊளையிட்டார்கள். "அக்கா, வெளிய போறதுக்கு முன்னாடி உள்ள வரச் சொல்றாங்க" என்றார் டெர்மட். படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாளும் அதே மே 7 என்று, என் மூக்குக்கு நேரே, தடித்த எழுத்தில் இருந்தது. தேர்தல் உண்டு என்று நாடு எங்களுக்குச் சொன்ன அன்றே கதவும் சாத்தப்பட்டது. இந்த ஒரு வரியைத் தாங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

10. அன்று மாலை அடெலினோ அலமாரியிலிருந்து எங்கள் கல்யாணத்தன்று போட்ட கோட்டை எடுத்துத் தூசி தட்டினார். முன்பெல்லாம் அவர் ஐரோப்பியத் தேர்தல் எதையும் சட்டை செய்ததில்லை. இந்த முறை, "2016ல கேக்கல. இப்ப கேக்குறாங்க. ஒரு தரம் பதில் சொல்லிட்டா எனக்குப் போதும்" என்றார். யாருக்குப் போடப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதிராகத்தான் என்று தெரியும். அதில் எனக்குச் சந்தோஷம்கூட. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒரு பக்கம் மட்டுமே பேசியிருந்தது.

11. மே 23, காலை ஏழு பத்து. கூடத்தில் ஆறேழு பேர் வரிசையில் இருந்தார்கள். அடெலினோ கோட்டுப் பித்தான் போட மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். "பித்தான் தெறிச்சா ஹேசலுக்குக் கண்ணு போயிடும், பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். வாக்குச்சாவடி உதவியாளர் திருமதி ஹேசல் க்ரோசன் எங்கள் தெருக்காரர். பட்டியலில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அடெலினோ, உன் பேரு இருக்கு. ஆனா இந்த ஓட்டுக்கு இல்ல."

"மூணு வாரம் முன்னாடி இதே கையாலதானே எனக்குச் சீட்டு குடுத்த, ஹேசல்?"

"அது வேற. இதுக்கு ஒரு படிவம் குடுத்திருக்கணும். உங்க நாட்டுல போய்ப் போடலாம்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் என்னப்பா பண்ணுவேன்?" ஹேசலின் கண் கலங்கிவிட்டது.

படிவம் என்ற சொல் காதில் விழுந்ததும், வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய தாள்தான் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் என் வாய் என்ன செய்தது தெரியுமா ஐயா? "விடு ஹேசல், இப்ப பிளேன் ஏறுனா ராத்திரி பத்து மணிக்குள்ள போட்டுட்டுத் திரும்பிடுவான்" என்றது. வரிசை முழுக்கச் சிரித்தது. பழக்கம். எது வந்தாலும் என் வாய் முதலில் இதைத்தான் செய்கிறது. அடெலினோ சிரிக்கவில்லை. வெளியே போனார். நான் என் சீட்டை வாங்கி, திரைக்குப் பின்னால் போய், ஓட்டுப் போட்டேன். நான் வெளியே வந்தபோது அடெலினோ யாரோ ஒருவரின் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் சொந்தக்காரர் உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மணல் மூட்டை அடுக்கிய அதே வாசலில் நின்றார்.

12. வீட்டுக்கு நடக்கும்போது, "படிவம் வந்துச்சா?" என்று கேட்டார். "வரல" என்றேன். மறுநாள் காலை அவர் எழுவதற்கு முன் வண்டிக்குப் போய்ப் படிவத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து, அப்போதுதான் முழுதாகப் படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து, மன்றம் படிவமே அனுப்பவில்லை, உதவியாளர் ஹேசல் க்ரோசன் அலட்சியமாக நடந்துகொண்டார் என்று தங்களுக்குப் புகார் எழுதினேன். ஆவேசமாக எழுதினேன். 'இருபத்தொரு வருடம் உழைத்தவரை' என்று ஆரம்பித்திருந்தேன். அடெலினோ என் தோளில் கை வைத்து வாசித்துப் பார்த்து, "நல்லா எழுதியிருக்க" என்றார். அன்று பகலே பயணச் சீட்டுப் பதிவு செய்தார். நம்மை ஏமாற்றியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள், மன்ற அலுவலகத்தில் இருக்கிறார்கள், வீட்டில் மட்டும் இல்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

13. தங்கள் பதில் ஜூன் 3 அன்று வந்தது. படிவம் ஏப்ரல் 17 அன்று அனுப்பப்பட்டது, ஹேசல் க்ரோசனிடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது, விசாரணை முடியும் வரை அவர் பணிக்கு அழைக்கப்பட மாட்டார் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதை நான் பன் டப்பாவுக்கு அடியில் மறைத்து வைத்தேன். ஹேசல் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார். ஒருவர் செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று மூன்று வருடமாக வானொலியில் கேட்டு வருகிறேன். அந்தப் பாடத்தை ஹேசல் மேல் நடத்திக் காட்டிவிட்டேன்.

14. ஆகவே என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன். படிவத்தைக் கிண்டலாக்கியது நான். பொய் சொன்னது நான். ஆனால் ஐயா, எல்லாமே நான் அல்ல. தேர்தல் நடக்குமா நடக்காதா என்று நாட்டுக்கே தெரியாத சமயத்தில் 'விரும்பினால் நிரப்பவும்' என்று ஒரு தாளை அனுப்பிவிட்டு, தேர்தல் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த அன்றே வாங்குவதை நிறுத்தியது நான் அல்ல. மே 2 அன்று ஓட்டுப் போட வந்தவரிடம், அடுத்ததற்கு இந்தத் தாளும் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி சாவடிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பாததும் நான் அல்ல. குப்பையில் போடச் சொல்லி வார்த்தை கொடுத்தவரும் நான் அல்ல. அவருக்குத் தனியாக எழுதலாமே என்று தாங்கள் நினைக்கலாம். அவர் எனக்கு ஏற்கெனவே இரண்டு வார்த்தை கொடுத்திருக்கிறார். மூன்றாவது வைக்க வீட்டில் இடமில்லை.

15. இந்த மனுவை அஞ்சலில் போடும் முன் இன்று காலை அடுக்களையில் அடெலினோவை உட்கார வைத்து, எண் வாரியாக, பதினான்கு பத்தியையும் வாசித்துக் காட்டினேன். எட்டாம் பத்தியில், "நிறுத்து" என்றார். படிவத்தைக் கேட்டார். கொடுத்தேன். முதலில் தன் பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு திருப்பி நான் எழுதியதைப் பார்த்தார். அந்த வேடிக்கையை அவரும் வண்டிக்கு வெளியே நின்று படித்திருக்கிறார், டெர்மட்டோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தும் இருக்கிறார். அது எனக்கு இன்றுதான் தெரிந்தது. "இதுக்குத்தானா சிரிச்சேன்" என்றார். பிறகு, "படி, படி, நிறுத்தாத" என்றார்.

முழுதும் கேட்டுவிட்டுக் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தார். "மூணு வருஷத்துல, 'தப்பு என்னோடது'ன்னு சொன்ன மொத ஆளு நீதான் நொரீன். உங்க நாடாளுமன்றத்துல அறுநூத்தம்பது பேரு இருக்காங்க. ஒருத்தரும் சொல்லல."

"அப்ப டிக்கெட்டைக் கிழிச்சிடலாமா?" என்றேன்.

"அதுக்குள்ள ஆரம்பிச்சிட்ட பாரு" என்றார். கிழிக்கவில்லை. குளிர்கோட்டையும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. "நீ உன் பங்கைச் சொல்லிட்ட. அவங்க பங்கை அவங்க சொல்லட்டும். சொன்னா யோசிக்கிறேன். அந்த விண்ணப்பமும் அப்புறம்தான்" என்றார். இங்கே தொடர்ந்து இருக்க அனுமதி கேட்டு ஐரோப்பிய நாட்டவர் போட வேண்டிய விண்ணப்பத்தைச் சொன்னார். அதை அவர் இன்னும் தொடவில்லை. இருபத்தொரு வருடம் இருக்கும் வீட்டில் நின்றுகொண்டு, நான் உள்ளே வரலாமா என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. போடாமல் போனால் திரும்பி வரும் வழி என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை, கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

16. எனவே கீழ்க்கண்டவற்றைத் தயவுகூர்ந்து செய்து தருமாறு வேண்டுகிறேன்.

ஒன்று, திருமதி ஹேசல் க்ரோசன் மேல் நான் சொன்னதை முழுதாக நீக்கி, அடுத்த தேர்தலுக்கு அவரை அழைக்க வேண்டும். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே உடனே செய்வது நல்லது. பொய்ப் புகாருக்கு எனக்கு ஏதாவது தண்டனை உண்டென்றால் அதையும் அனுப்பி வைக்கவும்.

இரண்டு, திரு. அடெலினோ மார்க்கெஸ் ஃபிரகோசோ பெயருக்கு ஒரு கடிதம். அவர் பெயர் இந்த மாவட்டத்து வாக்காளர் பட்டியலில் இருந்தது, இருக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். மே 23 அன்று காலை ஏழு பத்துக்கு அவர் வந்தார், வரிசையில் நின்றார், உரிமை இல்லாததால் அல்ல, ஒரு தாள் தங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி வராததால் திருப்பப்பட்டார் என்று இருக்க வேண்டும். தேர்தல் உண்டு என்று நாட்டுக்குச் சொன்ன நாளும் தாளுக்குக் கடைசி நாளும் ஒன்றாக இருந்தது சரியல்ல என்று இருக்க வேண்டும். அந்தத் தேதியைத் தாங்கள் வைக்கவில்லை, சட்டம் வைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்கு விலாசம் இல்லை, தங்களுக்கு இருக்கிறது. வருந்துகிறோம் என்ற சொல் வந்தால் நல்லது. வராவிட்டாலும், நடந்தது நடந்தபடி இருந்தால் போதும். எனக்காக எதையும் மென்மையாக்க வேண்டாம். என் பங்கையும் அதில் எழுதலாம்.

17. எனக்குப் பதில் அனுப்ப வேண்டியதில்லை ஐயா. எனக்கு வரும் கடிதங்களை நான் என்ன செய்வேன் என்று தங்களுக்கு இப்போது தெரியும். உறையின் மேல் அவர் பெயரை எழுதுங்கள். எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமைகளில் தபால்காரர் பதினோரு மணிக்கு வருகிறார். பேருந்து இரண்டு மணிக்கு. அந்த மூன்று மணி நேரமும் அவர் வீட்டில்தான் இருப்பார். நான் வண்டியைத் திறக்கப் போவதில்லை. வாசலுக்குப் போய்த் தபாலை வாங்கவும் போவதில்லை. அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

நொரீன் ஃபிரகோசோ
(கையொப்பம்)

இடம்: ஹோம்ஃப்ளீட்
நாள்: 6 ஜூன் 2019